நாலாவது காசு

மண்ணுக்குள் உலோகம் தேடுகிற மெஷின் கத்தியதும் தனுஷ்கோடி நின்றார். சோடாமூடிதான். தோண்டிப் பார்க்கவே வேண்டாம், இந்தக் காதுக்குத் தெரியாதா, டெலிபோன் ஆபீஸில் கேபிள் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர், ரோட்டுக்கு அடியில் எந்த இடத்தில் கேபிள் அறுந்திருக்கிறது என்று மேலே நின்று காதால் கேட்டே சொன்ன ஆள், அவருக்கா சோடாமூடிக்கும் செம்புக்கும் வித்தியாசம் தெரியாது. மூடி என்றால் கரகரவென்று உடைந்து உடைந்து வரும். செம்பு என்றால் ஒரே இழையாக, கோயில் மணி ஓய்கிற மாதிரி நீளமாக வரும். தெரிந்தும் குத்தவைத்து உட்கார்ந்து கரண்டியால் மண்ணைக் கிளறினார், ஏனென்றால் நடைபாதையில் போகிற நாலு பேர் பார்க்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு எதையாவது காட்டியாக வேண்டியிருக்கிறது, அதுதானே வந்த வினையே. மூடியை எடுத்துப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்தபோது மெஷின் மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை ஒரே இழையாக. மண்ணுக்குள் ஒன்றுமில்லை. அவருடைய சட்டைப்பைக்குள் இருக்கிற காசைத்தான் அது கண்டுகொண்டு கத்துகிறது. நாலாவது காசு. விடிகாலையில் மனைவி சௌந்தரம் எழுந்திருக்கும் முன்னால் பீரோவைத் திறந்து, சவரப்பெட்டிக்கு அடியிலிருந்து அதை எடுத்து எதற்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வழியில் வாய்க்காலில் எறிந்துவிடலாம் என்றா, இல்லை வேறு எதற்காவதா. வாய்க்கால் வந்தது, போனது, அவர் எறியவில்லை. சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்தார். மணி ஆறு பத்து. ஏழு மணிக்குத் தொல்லியல் ஆபீஸிலிருந்து பர்வீன் மேடம் வரப்போகிறார். வந்து என்ன சொல்லப்போகிறார் என்பது நேற்றைக்கே பூங்கா முழுக்கப் பரவிவிட்டது.

அவர் பாட்டுக்கு வீட்டில் பேப்பரைப் படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். மெஷின் வேண்டும் என்று யாரும் அழவில்லை. மகள் மங்கையர்க்கரசி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரையில் இந்த மெஷினை வைத்துக்கொண்டு மோதிரம் தேடுவது ஒரு பைத்தியம், புதுசு வாங்கியதும் பழசை மாமனாருக்குக் கொடுத்தனுப்பிவிட்டார், பொழுது போகட்டும் என்று. பொழுது போகட்டும் என்ற அந்த வார்த்தைதான் முதலில் குத்தியது. மதுரையில் ஒரு காலத்தில் தனுஷ்கோடி கையைத் தூக்கினால் ரோட்டில் லாரி நிற்கும். காதில் குழாயை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடப்பார், உள்ளங்கையை விரித்து எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்வார், அப்புறம் செருப்பு நுனியால் ஒரு கோடு கிழித்து, இங்கே தோண்டு என்பார். தோண்டினால் அங்கே இருக்கும். ஒரு அடி கூடத் தள்ளிப் போனதில்லை. என்ஜினியர்களே வாயைப் பிளப்பார்கள். ரிட்டயரான பிறகு வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கூட அவரைக் கேட்பாரில்லை. அதனால் மெஷினைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெப்பத்தோப்புப் பூங்காவுக்கு வந்தார், பழைய ஊர், பழைய தோப்பு, நாயக்கர் காலத்தில் இங்கே சந்தை இருந்தது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார், ஒரு காசாவது கிடைக்காதா. நாலு மாசம். சோடாமூடி, கொண்டை ஊசி, ஒரு உடைந்த சாவி, ஓரம் வளைந்த அலுமினியப் பத்துப் பைசா, ஒரு கொலுசின் ஒற்றைச் சலங்கை. நடைப்பயிற்சிச் சங்கத்துத் தலைவர் கோவர்த்தனன், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், எதைச் சொன்னாலும் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறவர், ஒருநாள் வாங்க சோடாமூடி சார் என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அதுவே பெயர். பெஞ்சில் உட்கார்ந்து முதுகை வளைக்கிறவர்கள், பின்னால் நடக்கிற பெண்கள், டிக்கெட் கிழிக்கிறவன் வரைக்கும் சோடாமூடி சார். அறுபத்தாறு வயசில் ஒரு மனுஷனுக்கு இது உறைக்கலாமா, உறைக்கக்கூடாது. உறைத்தது.

அப்புறம் நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல் சுடுகிறது, இப்போதும் சுடுகிறது, மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பழைய சாமான் கடை. மரப்பாச்சி, பித்தளைப் பூட்டு, பீங்கான் ஜாடி, அதற்கு நடுவில் ஒரு கிண்ணம் நிறைய மீன் பொறித்த நாயக்கர் காலத்துச் செப்புக்காசு. வாங்கும்போது கூட ஒன்றும் நினைக்கவில்லை என்று தனக்குத்தானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். பொய். வாங்கும்போதே நினைத்தார். நினைக்காமலா கடைக்காரனிடம் புளி போட்டுத் தேய்க்காததாகக் கொடு என்று கேட்டார். நாலு காசு வாங்கினார், வீட்டுக்கு வந்ததும் மாடியில் துளசித் தொட்டியில் ஈரமண்ணுக்குள் இரண்டு வாரம் ஊறவைத்தார், சௌந்தரம் தினமும் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனாள், அவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு வியாழக்கிழமை, பொழுது புலரும் நேரம், கேட் திறந்த கையோடு முதல் ஆளாக உள்ளே வந்து, புங்கமரத்து மூலையில் முக்கால் அடி தோண்டி மூன்று காசை வைத்து மூடினார். மூன்று போதும், நாலு வைத்தால் பேராசையாகத் தெரியும் என்று ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டார். களவாணித்தனத்திலும் ஒரு அடக்கம். அந்த மூலையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்றால் அங்கே மண் இளகலாக இருந்தது, மண்வெட்டி இல்லாமல் சின்னக் கரண்டிக்கே தோண்ட வந்தது. ஏன் இளகலாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா. மற்றவன் யோசிக்காவிட்டால் போகிறது. இவர் யோசித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், நீரூற்றைச் சுற்றி ஒரு ரவுண்டு போகலாம். நீரூற்றில் தண்ணீர் இல்லை, ஒரு பிளாஸ்டிக் டம்ளர் மிதக்காமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் மாதக்கூட்டம், முப்பது பேர் இருப்பார்கள். அவர் மெஷினோடு புங்கமரத்துப் பக்கம் போனார், நேராகப் போகவில்லை, அதுதான், அதுதான் தொண்டையில் நிற்கிறது, நேராகப் போயிருந்தால் கூடப் பரவாயில்லை. இரண்டு அடி தள்ளி நின்று, தட்டை இப்படியும் அப்படியும் ஆட்டி, காதைச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். இங்கே இல்லை. ஒரு நடிகனுக்கு வராது அந்தத் தலையாட்டல். ரோட்டில் அவர் உண்மையாகவே கேட்டு உண்மையாகவே இல்லையென்று ஆட்டிய தலை அது, எத்தனை மழையில், எத்தனை வெயிலில், அந்தத் தலையைக் கொண்டுவந்து இதற்கு ஆட்டிவிட்டார். பிறகு ஒரு எட்டு வைத்தார், மெஷின் ஒரே இழையாகக் கத்தியது, உள்ளங்கையை விரித்தார், முப்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த மௌனம். எத்தனை வருஷம் கழித்து. இங்கே தோண்டுங்க என்றார். கோவர்த்தனனே உட்கார்ந்து தோண்டினார், வெள்ளைப் பேன்ட் மண்ணாக. மூன்று காசும் வந்ததும் யாரோ கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், அவர் பெரிய விஞ்ஞானி மாதிரிக் குழியில் ஸ்கேலை நிறுத்திவைத்து ஆழம் தெரிகிறாப்போல எடுக்கச் சொன்னார். காலைப் பேப்பரில் வந்தது. சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வையை சௌந்தரம் முழங்காலில் போட்டுக்கொண்டுதான் டிவி பார்க்கிறாள், கதகதன்னு வலிக்கு நல்லா இருக்குங்க என்கிறாள், அவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். மங்கை ஆஸ்திரேலியாவிலிருந்து கூப்பிட்டாள். அப்பா நீங்க பெரிய ஆளாயிட்டீங்கப்பா என்று சிரித்தாள். ஒன்றரை வருஷமாக அந்தப் பிள்ளை அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பை எப்படி அவளிடமிருந்து திரும்ப வாங்குவது, சொல்லுங்கள்.

சரி, பேர் வந்தது, சால்வை வந்தது, அத்தோடு விட்டிருந்தால் ஒரு பொய் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்திருக்கும். பேப்பரைப் பார்த்துக் கூட்டம் வந்தது. கூட்டத்தைப் பார்த்து ஆபீஸ்காரர்கள் வந்தார்கள். புங்கமரத்தைச் சுற்றி நாலு கம்பு ஊன்றிக் கயிறு கட்டி, ஆராய்ச்சிக்குரிய இடம், யாரும் வரக்கூடாது என்று அட்டை தொங்கவிட்டார்கள். அந்த நாலு கம்புக்குள் ஒச்சம்மாவின் இடமும் போய்விட்டது. பன்னிரண்டு வருஷமாகப் புங்கமரத்தடியில் இரண்டு எவர்சில்வர் டிரம்மை வைத்துக்கொண்டு அருகம்புல் சாறும் முடக்கத்தான் சூப்பும் விற்கிறவள், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, புருஷன் இல்லை, யார் வம்புக்கும் போகமாட்டாள், கேட் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் குத்தவைத்திருப்பாள். இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்கடை ஓரத்தில் நிற்கிறாள். நடந்து வேர்த்தவன் ரோட்டைத் தாண்டிப் போய் ஏன் குடிக்கிறான். பாதி டிரம் மிஞ்சுகிறது என்று காவலாளி சொன்னான். சொன்னதிலிருந்து தனுஷ்கோடி தினமும் போய் இரண்டு டம்ளர் குடிக்கிறார், பிடிக்காத சாற்றை, மூக்கைப் பிடித்துக்கொண்டு. இதெல்லாம் ஒரு பிராயச்சித்தமா. போன வாரம் பர்வீன் மேடம் வந்தார், முப்பது வயசு இருக்கும், மெதுவாகப் பேசுகிற பெண், ஆழமாக ஒரு சோதனைக்குழி போடச் சொன்னார். இரண்டு அடியில் வரிசையாகச் செங்கல். செங்கலுக்கு அடியில் டெலிபோன் கேபிள். தொண்ணூற்று நாலில் அந்தக் கேபிளைப் புதைத்ததே தனுஷ்கோடிதான், செங்கல் அடுக்கச் சொன்னதும் அவர்தான், மண் இளகலாக இருந்தது அதனால்தான். இருபது முப்பது வருஷத்துக்கு முன் தோண்டிப் புரட்டிப்போட்ட மண்ணில், அவரே புரட்டிப்போட்ட மண்ணில், நாயக்கர் காலத்துக் காசு முக்கால் அடியில் எப்படி உட்கார்ந்திருக்கும். ஸ்கேல் வைத்து ஆழம் காட்டிய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் குழியைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், யாரையும் பார்க்கவில்லை. வியாழக்கிழமை வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லும்வரை காத்திருக்கச் சங்கத்துக்காரர்களால் முடியுமா. யாரோ வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்று நேற்றே பேச்சாகிவிட்டது, யார் என்பதையும் கோவர்த்தனன் முடிவு செய்துவிட்டார். காசு கிடைத்த வாரம் வந்த கூட்டத்தால் யாருக்கு லாபம், சூப்புக்காரிக்குத்தானே, பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்த இடம் வேறு, அவளைத் தவிர வேறு யார். மேடம் சொன்ன அடுத்த நிமிஷம் அந்தம்மா இந்தப் பக்கமே தலைகாட்டக்கூடாது, ரோட்டோரத்தில் கூட. எல்லாரும் தலையாட்டினார்கள். தனுஷ்கோடியும் அங்கேதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

ஆறு முப்பத்தைந்து. கால் தானாக ரோட்டைத் தாண்டியது. ஒச்சம்மா அவர் வருவதைப் பார்த்ததுமே டம்ளரைச் சுடுதண்ணீரில் அலசிச் சாற்றை ஊற்றி நீட்டினாள். வழக்கமாகப் பேசமாட்டாள், இன்றைக்கு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். நேற்று அந்த மேடம் வந்து தன்னிடம் தனியாகக் கேட்டதாகச் சொன்னாள், இங்கே யாராவது குழி தோண்டிப் பார்த்தாயா, நீதானே முதலில் வருகிறவள் என்று. அவர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"நான் பாக்கலைன்னுதான் சொன்னேன்யா," என்றாள். "ஆனா ஒங்களைய நான் பாத்தேன். அன்னிக்கு நான் வரச் செத்த பிந்திப்போச்சு. விடியமுன்ன மரத்தடியில குத்தவச்சு எதையோ மண்ணுல வச்சு மூடுனீக. பரிகாரம் செய்றவுகள மறிக்கப்படாது, வெளிய சொல்லவும்படாது. நான் கேட்டுக்கு அங்கிட்டே நின்டுக்கிட்டேன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள், ஆறுதல் சொல்கிற குரலில். மகளுக்கு இத்தனை வருஷமாகப் பிள்ளை தங்கவில்லை என்று சௌந்தரம் அம்மா ஒருநாள் இங்கே வந்தபோது சொல்லி அழுதிருக்கிறார்களாம். அதற்குத்தான் சாமியாடி யாரோ காசு புதைக்கச் சொல்லியிருக்கிறார், அய்யா புதைத்தார், பாழாய்ப்போன அந்த மெஷின் அத்தனை பேர் முன்னால் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டது, முப்பது பேர் சுற்றி நிற்கும்போது அய்யாதான் என்ன செய்வார், இது என் பரிகாரக் காசு என்று சொல்லவா முடியும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு மனசு ஆறவில்லையாம்.

"தோண்டி எடுத்துட்டா பலிக்காதும்பாக. அதான் நானே பாண்டி கோயிலுக்குப் போயி ஒங்க மக பேரைச் சொல்லி ஒரு காசை மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீக."

அவர் தலையாட்டிவிட்டு ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தார், பைக்கில் வந்த ஒருவன் திட்டிவிட்டுப் போனான், பூங்கா கேட், கயிறு, புங்கமரம், பெஞ்சில் உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆபீஸ் மேடம் நேரில் கேட்டும் சொல்லவில்லை, தன் இடம் போகிறது என்று தெரிந்தும் சொல்லவில்லை, எதற்காக, அவருடைய துக்கத்தை மதித்து. எந்தத் துக்கம். மங்கைக்கு இரண்டு தடவை தங்கிக் கலைந்தது. முதல் தடவை சௌந்தரம் போனில் விம்மிக்கொண்டிருந்தபோது அவர் டிவியில் சத்தத்தை மட்டும் குறைத்தார். இரண்டாவது தடவை மங்கையே கூப்பிட்டாள், அப்பா என்றாள், அப்புறம் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் வந்தது, அவர் இந்தா அம்மாட்ட பேசு என்று போனைக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் ஊர் முழுக்க டெலிபோன் சரிபண்ணிய மனுஷன். யார் யார் வீட்டிலோ யார் யாரோ பேச வேண்டும் என்று மழையில் குழிக்குள் இறங்கியவன், சொந்த மகள் லைனில் மூச்சு விடுகிறாள், அம்மாட்ட பேசு. ஒரு கோயிலுக்குப் போனாரா, ஒரு விளக்கு போட்டாரா, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்றார், நம்பிக்கை இல்லாவிட்டால் போகட்டும், ஒரு வார்த்தை பேசினாரா. அவர் மண்ணில் குத்தவைத்து எதையாவது புதைத்தார் என்றால் அது தன் பேருக்காக, சோடாமூடி என்று சொன்ன ஒருத்தன் வாயை அடைப்பதற்காக. அதைப் பார்த்து ஒரு சூப்புக்காரி இவர் மகளுக்காக அழுதிருக்கிறாள். ஒரு தகப்பன் அந்த நேரத்தில் அப்படிக் குனிந்து உட்கார்ந்தால் அது பிள்ளைக்காகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வேறு எதுவும் தோன்றவில்லை. இவர் வீட்டில் மஞ்சள்துணியில் காசு முடிய இவருக்குக் கை வரவில்லை, அவள் போய் முடிந்திருக்கிறாள். தனுஷ்கோடிக்கு அந்த பெஞ்சோடு அப்படியே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. இப்போதும் எறியலாம், பின்பக்கம் புதர்தான், யார் பார்க்கிறார்கள். எறிந்தால் மூன்று காசு மூன்று காசாகவே இருக்கும், யார் வைத்தது என்பதற்குச் சாட்சியே இல்லை. சாட்சி ஒருத்தி இருக்கிறாள், அவள் சொல்லமாட்டாள். அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்ததும் மனசில் ஒரு மூலையில் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, வந்ததை அவரே கேட்டார். காது நல்ல காது அல்லவா. அதைவிடக் கேவலமான ஒரு சத்தத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே ஜீப் வந்துவிட்டது. பர்வீன் மேடம் இறங்கினார், சங்கத்துக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள், பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒச்சம்மாவையும் காவலாளி போய்க் கூட்டிவந்தான், அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து கேட் ஓரமாக நின்றாள். மேடம் நீட்டி முழக்கவில்லை. காசு பழசுதான், ஆனால் இந்த மண்ணைச் சேர்ந்ததில்லை, அடியில் கேபிள் போட்ட குழி இருக்கிறது, சமீபத்தில் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இங்கே ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை என்றார். கோவர்த்தனன் கேட் பக்கம் திரும்பினார். யாருன்னு நாங்க சொல்லணுமா மேடம், பாத்தாலே தெரியலையா என்று அவர் ஆரம்பித்தபோது தனுஷ்கோடி நாலு பேரை விலக்கிக்கொண்டு மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் வச்சேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு கோவர்த்தனன் சிரித்தார். அன்பாகச் சிரித்தார், அதுதான் கொடுமை. வந்து தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பாத்தீங்களா மேடம், ஒரு ஏழைப் பொம்பளை பிழைப்பு போயிரக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறார், இந்த மனசு யாருக்கு வரும் என்றார். ஆமா சார், ஆமா சார் என்று நாலு குரல். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயோ, உண்மையைச் சொன்னதற்கும் சால்வை போர்த்துகிறார்களே. ஏழைப் பொம்பளை என்றவுடன் எல்லார் கண்ணும் ஒச்சம்மா மேல் போய்த் திரும்பியது, அப்படியானால் அவளேதான் என்று ஒவ்வொருவரும் உறுதி செய்துகொண்டு திரும்புகிற கண். ஒச்சம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், மெல்லத் தலையை ஆட்டினாள், வேணாம்யா, சொல்லப்படாது என்பதாக. இப்படியே நின்றுவிட்டால் போதும், சோடாமூடி சார் தர்மராஜா ஆகிவிடுவார். தோளில் இருந்த கை கனமாக, சூடாக இருந்தது. அவர் சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டார். காசு விரலில் சிக்காமல் துணி மடிப்பில் போய் ஒளிந்தது, மறுபடி துழாவினார், எடுத்தார், பர்வீன் மேடத்தின் கையில் வைத்தார். நாலா வாங்கினேன், காரைக்குடியில, தொட்டி மண்ணுல ஊறப்போட்டேன் என்றார். மேடம் பையிலிருந்து சின்னக் கவரை எடுத்து மற்ற மூன்றையும் அதோடு உள்ளங்கையில் சேர்த்து வைத்தார். அதே மீன், அதே தேய்மானம், அதே தொட்டி மண்ணின் கறுப்பு. ஆபீஸுக்கு வந்து எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும் சார் என்று மட்டும் சொன்னார், சொல்லும்போது கூட சார் என்றார். தோளில் இருந்த கை எப்போது போனது என்று தனுஷ்கோடிக்குத் தெரியவில்லை. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது, யாரோ போனை எடுத்தது, யாரோ ச்சே என்றது, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. கயிற்றைக் கழற்றிவிடலாம், அந்தம்மா பழைய இடத்துக்கே வரட்டும் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு மேடம் ஜீப்பில் ஏறினார். கூட்டம் கலைந்தது. அவரைச் சுற்றி நாலு அடிக்கு யாரும் வரவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒச்சம்மா மட்டும் நின்றாள். அவளிடம் போக வேண்டும் என்று நினைத்தார், அதற்குள் அவளே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருக்கும். அவள் முகத்தில் கோபம் இல்லை, எதையோ கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டவள் போல ஒரு குழப்பம்தான் இருந்தது.

"அப்ப அது ஒங்க மகளுக்காக இல்லையாய்யா?"

அத்தனை பேர் முன்னால் சொன்னபோது கூட இவ்வளவு சின்னதாகப் போகவில்லை அவர். "இல்லம்மா," என்றார்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் சரிய்யா என்றாள். "நான் முடிஞ்சது ஒங்க மகளுக்குத்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு டிரம்மை எடுத்துவர ரோட்டைத் தாண்டிப் போனாள். அவர் பின்னாலேயே போனார். டிரம்மை நான் தூக்கிட்டு வரட்டுமா ஒச்சம்மா என்று கேட்டார். வேணாம்யா, கொதிக்குது, ஒங்களால ஆகாது என்று அவளே தலைச்சும்மாட்டைச் சரிசெய்து தூக்கிவைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அதை அணைக்க மறந்திருந்தார். அவள் இரண்டாவது டிரம்மையும் கொண்டுவந்து புங்கமரத்தடியில் இறக்கிவைக்கும் வரைக்கும் எவர்சில்வரைக் கண்டு அது விடாமல் கத்திக்கொண்டே இருந்தது, பூங்காவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.